மாருதி 800 கதவுக்குள் கரண்ட்!

பழைய காரில் நாமே செய்யக்கூடிய வேலைகளில் எது ரொம்பச் சுகமானது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது இல்லை, பெயிண்ட் அடிப்பது இல்லை, சீட் கவர் மாற்றுவது நிச்சயமாக இல்லை. கதவுக்குள் புது வயர் ஓட்டுவதுதான்! சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பிறந்ததிலிருந்து ஒரு மின்கம்பியைக்கூடப் பார்க்காத தகரக் கதவு, பட்டனை அழுத்தியதும் 'ங்ஙீ' என்று கண்ணாடியை இறக்கிக்கொடுக்கிற நொடி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வண்டி என் 1998 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் ரகம், 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்ததில் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை, 25 லட்சத்துக்கும் மேல் விற்ற கார். நம் ஊரில் பாதிப் பேர் கிளட்ச் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டதே இதில்தான். என்னுடைய வண்டியின் உடல்வாகு 1986-இல் வந்த இரண்டாவது வடிவத்தின் வழியில் வந்தது. அதே 1986-இல்தான் பாஷ் நிறுவனம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் கேன் பஸ் என்ற ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. இன்றைய காரில் கதவுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு, நாலைந்து வயரை வைத்தே கண்ணாடி, பூட்டு, மிர்ரர் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அந்த வம்சத்து வித்தையால்தான். என் 800-இன் கதவிலோ அன்று ஒரு வயர்கூடக் கிடையாது! உள்விளக்கை எரியவைக்கிற சுவிட்ச்கூடக் கதவில் இல்லை, பில்லரில் இருக்கிறது. சுற்றுகிற ஹேண்டில், இழுக்கிற கைப்பிடி, அழுத்துகிற பூட்டுக் குமிழ், அவ்வளவுதான். எனக்கு இதில் ஒரு சந்தோஷம். யாரோ ஏற்கெனவே வெட்டி ஒட்டி டேப் சுற்றிய வயரிங்கைப் பிரித்துத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து நாமே போடலாம்.

என் ஆசைகள் பெரிதில்லை. நான்கு கதவுக்கும் சென்ட்ரல் லாக், முன்கதவு இரண்டுக்கும் பவர் விண்டோ, இரண்டு ஸ்பீக்கர். பின்கதவுகளில் ஹேண்டில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பின்சீட்டில் உட்காரும் குழந்தைகளுக்கு அதைச் சுற்றுவதுதான் விளையாட்டு, அதைப் பிடுங்குவானேன்?

முதலில் பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். இந்தக் கட்டம் எவ்வளவு சுவாரசியம் என்று யாரும் சொல்வதில்லை. பவர் விண்டோ சுவிட்சைக் கதவில் வைத்தால் அதற்கென்று தனியாக ஒரு கட்டு வயர் கதவுக்குள் போக வேண்டும். அதையே ஹேண்ட்பிரேக் பக்கத்தில் வைத்துவிட்டால் கண்ணாடி மோட்டாருக்கு இரண்டே வயர் போதும். ஒரே ஒரு முடிவு, பாதிச் சுமை இறங்கிவிட்டது! கடைசியில் கணக்கு இப்படி வந்தது: டிரைவர் கதவுக்கு ஒன்பது வயர், இடது முன்கதவுக்கு ஆறு, பின்கதவுகளுக்கு இரண்டிரண்டு. நான்கு கதவுக்கும் சேர்த்துப் பத்தொன்பதே வயர்.

ஷாப்பிங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? சென்னையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். லாக் கிட்டும் விண்டோ மோட்டாரும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தன. வயர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மல்ட்டிமீட்டர் எல்லாம் ரிச்சி தெருவில். ஆனால் இந்த வேலையின் மாணிக்கம் கிடைத்தது புதுப்பேட்டையில்தான். பழைய எஸ்டீம் ஒன்றின் கதவுக்கும் பில்லருக்கும் நடுவே இருந்த மடிப்பு மடிப்பான ரப்பர் குழல். கடைக்காரர் உள்ளே ஓடிய வயரோடு சேர்த்து வெட்டி எடுத்து, ஆயிலும் தூசியுமாகக் கையில் போட்டார். வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை, அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. அந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அடுத்தது டோர் பேட். கண்ணாடி ஹேண்டிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங் கிளிப் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ரெக்சின் கிழியும். ஒரு பனியன் துணியை ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவே விட்டு, இரண்டு முனையையும் பிடித்து இடமும் வலமுமாக இழுத்தால் துணியின் இழை கிளிப்பைப் பிடித்துத் தள்ளிவிடும். 'டக்' என்று ஒரு சத்தம். கிளிப் பறந்து போய்விடாமல் ஒரு கையைக் குவித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய்க்கும் பெறாத இந்த வித்தையைச் செய்துகாட்டினால் சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள், நிஜமாக.

இனி வருவதுதான் வேலையின் உயிர்: ஓட்டை.

கதவு சாத்தியிருக்கும்போது பில்லருக்கும் கதவின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. திறந்தால் அந்த இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. அதைக் கடக்கிற வயர், கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நீண்டு, மூடும்போது நசுங்காமல் ஒடுங்க வேண்டும். தினமும், வருஷக்கணக்கில். டிரில் மிஷினும் கையுமாக நான் நின்ற வேகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார்.

"டிரில்லைக் கீழ வை தம்பி. மொதல்ல ஒரு கயித்தை ரெண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டு. கதவைத் திறந்து திறந்து மூடு. எங்க நசுங்குது, எங்க இழுக்குதுன்னு அதுவே காட்டும்."

"எந்த இடத்துல ஒட்டட்டும்ணே?"

"ரெண்டு கீலுக்கும் நடுவுல. கீலை விட்டு எவ்வளவு தள்ளிப் போறியோ அவ்வளவு இழுக்கும்."

செய்து பார்த்தேன். அப்பப்பா, என்ன ஒரு பாடம்! கீலின் அச்சுக்கு நெருக்கமாகக் கயிறு போகும்போது கதவு முழுக்கத் திறந்தாலும் கொஞ்சமே இழுக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளினால் விண்ணென்று நிற்கிறது. இன்னொன்றும் பிடிபட்டது. பில்லர் ஓட்டையும் கதவு ஓட்டையும் நேருக்கு நேர் ஒரே உயரத்தில் இருந்தால் கதவு மூடும்போது கயிறு கூர்மையாக மடிகிறது. ஒன்றுக்கொன்று கொஞ்சம் உயரம் மாற்றி வைத்தால் கயிறு சாய்வாகப் படுத்து, மடிவதற்குப் பதில் முறுக்கிக்கொள்கிறது. செம்பு இழைகள் முறுக்கைத் தாங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிப்பதைத்தான் தாங்காது. எந்த ஓட்டையை மேலே வைப்பது? பில்லர் பக்கத்தை மேலே, கதவுப் பக்கத்தைக் கீழே. ரப்பரில் வழிகிற மழைத்தண்ணீர் கதவின் பக்கம்தான் போக வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் உண்டு, காருக்குள் கார்ப்பெட்தான் உண்டு.

கீல் போல்ட்டிலிருந்து அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, மையப் புள்ளியில் ஒரு தட்டுத் தட்டி, சின்ன டிரில்லில் ஆரம்பித்துப் பிறகு ஸ்டெப் டிரில்லுக்குப் போனேன். படிப்படியாக அகலமாகிற கூம்பு மாதிரியான அந்த டிரில் முனை தகரத்தில் இறங்குகிற அழகே அழகு. பிசிறு இல்லை, கோணல் இல்லை, வட்டம் என்றால் வட்டம். ஒன்று சொல்லிவிடுகிறேன். பில்லர் காரின் முதுகெலும்பு. குழலின் கழுத்து உட்காரும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே பிளாஸ்டிக் மூடி போட்ட ஓட்டை ஏதாவது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கதவிலும் பில்லரிலும் ஏர்பேக், சென்சார் எல்லாம் இருக்கிற புதிய வண்டிகளில் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். விளிம்பை அரம் போட்டு மழுக்கி, ரெட் ஆக்சைடு பிரைமர், அது காய்ந்ததும் பெயிண்ட். உள்ளே விழுந்த இரும்புத் தூளைக் காந்தத்தால் பொறுக்கி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது துருவாக வழியும்.

அப்புறம் அந்தத் தருணம். எஸ்டீமின் ரப்பர் குழல் என் 800-இன் ஓட்டையில் 'ப்ளக்' என்று போய் உட்கார்ந்தது. கதவைத் திறந்தேன், மடிப்புகள் விரிந்தன. மூடினேன், அடங்கின. ஆகா! கம்பெனியிலேயே போட்டு அனுப்பியது என்று சத்தியம் செய்தால் நம்பிவிடுவார்கள். அன்று மாலை எந்தக் காரணமும் இல்லாமல் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது வயரையும் அந்தக் குழலுக்குள் எப்படி நுழைப்பது? சைக்கிள் பிரேக் கேபிள்! உறையை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை முதலில் குழல் வழியே விட்டு, பில்லருக்குள் தள்ளி, காலடிப் பேனலுக்குப் பின்னால் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். அதன் முனையில் வயர்களை ஒரே இடத்தில் குண்டாகக் கட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் படியவிட்டு டேப் சுற்றி, குழலுக்குள் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சாதாரணப் பவுடர்தான். இரண்டு நாளைக்குக் கார் முழுக்க மல்லிகை வாசனை.

இழுக்கும்போது நினைவிருக்க வேண்டியது ஒன்று: குழலுக்குள் இணைப்பே கூடாது. சால்டர் வைத்த இடத்தில் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்தப் பகுதியை விறைக்கவைத்துவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் வயர் ஒடியும். பில்லருக்கு உள்ளேயிருந்து கதவின் நடுப்பகுதி வரை வயர் ஒரே துண்டாகப் போக வேண்டும். அதுவும் நிறைய மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயர். கப்ளர் வைப்பதானால் காலடிப் பேனலுக்குப் பின்னால் வையுங்கள். பின்னொரு நாள் கதவையே கழற்ற வேண்டி வந்தாலும் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியிருக்காது.

வயரின் தடிமன் விஷயத்தில் நான் கொஞ்சம் வெறியன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மோட்டார் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இறுகினால் இன்னும் கூடும். கிட்டோடு வருகிற மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மீட்டருக்கு 34 மில்லி ஓம் தடை. சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு நாலு மீட்டர் போய், நாலு மீட்டர் திரும்பினால் வயரிலேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பேட்டரி பன்னிரண்டைக் கொடுத்தால் மோட்டாருக்குப் பத்துகூடப் போய்ச் சேராது! அதையே 2.5 சதுர மில்லிமீட்டரில் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. "பவர் விண்டோ ஸ்லோவா ஏறுதுங்க, மோட்டார் வீக்" என்று புலம்புகிற பல பேருக்கு மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, வயர்தான் சோனி. நான் 2.5 போட்டேன். கண்ணாடி சும்மா ஜம்மென்று ஏறுகிறது, ஹெட்லைட் போட்டிருக்கும்போதும்!

கரண்ட் எடுப்பதும் அதே கறாரோடுதான். பழைய பியூஸ் பாக்ஸிலிருந்து ஒட்டுண்ணி மாதிரி உறிஞ்சாமல், பேட்டரியிலிருந்தே தனி லைன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே மெயின் பியூஸ், உள்ளே தனியாக ஒரு சின்னப் பியூஸ் பாக்ஸ். கண்ணாடிக்குச் சாவி போட்டால் மட்டும் உயிர் கொடுக்கிற ரிலே; லாக்குக்கு எப்போதும் உயிர். இதை விரிவாகச் சொன்னால் நானே கொட்டாவி விடுவேன்.

ஆனால் சென்ட்ரல் லாக் மோட்டாரின் வேலையைச் சொல்லாமல் விட மாட்டேன். இரண்டே வயர். ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் கொடுத்தால் தண்டு வெளியே தள்ளும். அதையே மாற்றிக் கொடுத்தால் உள்ளே இழுக்கும். பூட்டுவதும் திறப்பதும் அதே இரண்டு கம்பிதான்! டிரைவர் கதவில் மட்டும் ஐந்து வயர், ஏனென்றால் அங்கே சாவி திரும்பியதை மற்ற மூன்று கதவுக்கும் சொல்கிற சுவிட்சும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தண்டைக் கதவின் பழைய பூட்டுக் கம்பியோடு ஒரு சின்னக் கிளாம்பால் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் வெண்ணெய் மாதிரி ஓடும், சாய்ந்தால் முனகும். நேர்கோட்டைப் பிடிக்கிற வரை விடாதீர்கள். இதைச் செய்துகொண்டிருந்தபோது எனக்கு அந்தக் காலத்து மெர்சிடிஸ் டபிள்யூ123 நினைவுக்கு வந்தது. அதில் சென்ட்ரல் லாக்குக்கு வயரே இல்லை. கதவுக்குக் கதவு காற்றுக்குழாய், வெற்றிடத்தால் இழுக்கிற பூட்டு. மேதாவிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாற்பது வருஷம் கழித்து எந்தக் குழாயில் காற்றுக் கசிகிறது என்று தேடுவதைவிட, டெஸ்ட் லேம்ப்பை வைத்து இரண்டு கம்பியைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் போதும்.

தண்ணீர். கதவுக்குள் தண்ணீர் வரவே வராது என்று நினைப்பவர்கள் பலர். வரும், நன்றாகவே வரும். கண்ணாடியில் வழிகிற மழை வெளிப்பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியே வெளியேறுவதுதான் கதவின் இயல்பு. அதனால் மோட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் போகிற வயரை நேராக மேலிருந்து கொண்டுவராமல், கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மறுபடி மேலே ஏற்ற வேண்டும். வயரோடு வழிகிற நீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், கப்ளருக்குள் ஏறாது. டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டை 'இது எதுக்கு' என்று கிழித்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். கெட்டியான பாலிதீனை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப் வைத்து ஒட்டி, அடி விளிம்பைக் கதவின் உட்பக்கம் செருகினேன். ஐப்பசி அடைமழையில் பல நாள் தெருவிலேயே நின்றது வண்டி. கார்ப்பெட் காய்ந்தே கிடந்தது!

பேடை மாட்டுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கடைசி வரை இறக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்குகிற கண்ணாடி வயரை உரசினால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அறுக்கும். ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் இதே சோதனை. 800-இன் கதவு ஒல்லி, ஆழம் குறைவான ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினால் தப்பித்தோம். டேப் விஷயத்திலும் ஒரு வார்த்தை: நம் வெயிலுக்குச் சாதாரண பிவிசி டேப் பிசினாக ஒழுகிவிடும். துணி டேப் வாங்குங்கள், கட்டு பார்க்கவும் அழகாக இருக்கும்.

எல்லாம் முடிந்து நெகட்டிவை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். நாலு கதவும் ஒரே நேரத்தில் 'டடக்'! இன்னொரு முறை, 'டடக்'! கண்ணாடி இறங்கியது, ஏறியது. ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். பின்பலகையில் இருந்த பழைய ஸ்பீக்கரில் இத்தனை காலமும் கேட்காத பேஸ் கிட்டார் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன் கதவைத் திறந்து ரப்பர் குழலை மட்டும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "ம்ம், கம்பெனி வேலை மாதிரி இருக்கு" என்றார். இதைவிடப் பெரிய விருது எனக்கு வேண்டாம்.

கடையில் கொடுத்தால் அரை நாளில் முடித்துத் தருவார்கள், உண்மைதான். நான் பார்த்த பல வண்டிகளில் கதவு இடுக்கு வழியாக வயரை வெறுமனே விட்டு, மேலே டேப் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் தோல் உரிந்து, பாடியில் உரசி, பியூஸ் போகும். நீங்களே செய்தாலும் சரி, கடையில் கொடுத்தாலும் சரி, "கீலுக்கு நடுவில், ரப்பர் குழலுக்குள், நடுவில் இணைப்பு இல்லாமல்" என்ற மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய 800-ஐக் கவர் போட்டு மூடி வைத்து, விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்க வருபவருக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியன் துணியை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் கதவின் பேடைக் கழற்றிப் பாருங்கள்.